வண்டு விழுந்த மரம்

"மொதல்ல என் கழுத்துல கோடாலியப் போடுங்க! அப்புறம் மரத்துல போடலாம்!"

பூவம்மா தென்னை மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். சிராங்கூன் ரோடு ஆறாவது மைல்கட்டையில் அந்தக் கம்பத்துக் கிராமமே அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

போர்டு ஆபீசர் தங்கராஜு கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். தென்னை வண்டை ஒழிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். வண்டு குடைந்து செத்த மரம் யார் கொல்லையில் இருந்தாலும் அவர் வெட்டி எரிக்கலாம், சொந்தக்காரர் சம்மதம்கூட வேண்டியதில்லை. ஆனால் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்ணை என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

"மேல பாருங்கம்மா. நடுக்குருத்து காஞ்சு தொங்குது. இத விட்டு வச்சா இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாத்துக்கும் வண்டு போயிடும்."

"மருந்து கிருந்து ஊத்திப் பாருங்களேன்யா."

"செத்த மரத்துக்கு என்னம்மா மருந்து?"

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அழகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பூவம்மா குடியிருக்கும் வீடும் அவருடையதுதான், மரமும் அவருடையதுதான். குடிவருகிறவர்கள் யாரானாலும் மரத்தில் ஒரு மட்டையைக்கூடத் தொடக்கூடாது என்பது அவர் போடும் முதல் கண்டிஷன்.

"அநியாயம்லா இது! காய்க்கிற தென்னைய வெட்டுனா குடும்பத்துக்கு ஆகாதுங்க. என் உசுரு இருக்கிற வரைக்கும் இதுல கோடாலி படக் கூடாதுன்னு இருந்தேன்" என்றவர், பூவம்மாவைக் கையால் காட்டினார். "பாருங்க, வாடகைக்கு இருக்கிற பொண்ணு. அதுக்கே இவ்வளவு பாசம்!"

தங்கராஜு மரத்தடியில் குனிந்தார். அங்கே இடுப்பளவுக்குச் சாணக் குவியல். குச்சியால் கிளறினார். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"யாரு வேலை இது? இங்க மாடே இல்லையே!"

"நான்தான்யா" என்றாள் பூவம்மா, மூக்கை உறிஞ்சியபடி. "தேக்காவுல மாடு வச்சிருக்கிற பால்காரர்கிட்டக் கேட்டு வாங்கியாந்து போட்டேன். மரம் நல்லா காய்க்கட்டுமேன்னு."

தங்கராஜுவுக்குக் கோபம் தலைக்கேறியது. "வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியே கட்டிக் குடுத்திருக்கீங்க! போன வருஷம் கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டேனே, நீங்க முன்னாலதானே உக்காந்திருந்தீங்க? சாணத்தைக் குவிச்சா வண்டு வரும், வண்டு வந்தா மரம் போயிடும்னு தொண்டை கிழியக் கத்துனேனே!"

"கூட்டத்துல புள்ளை அழுதுக்கிட்டே இருந்துச்சுய்யா. சாணம்னு ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு."

கூட்டம் சிரித்தது. "உங்க மேல கேஸே போடலாம், தெரியுமா?" என்று தங்கராஜு அதட்டினார்.

"நல்ல மனசோட போட்ருக்கு, விட்டுடுங்க சார்" என்று அழகப்பனே அவளுக்காகப் பரிந்து பேசினார். தங்கராஜுவும் இளகிப்போனார். அறியாமல் செய்துவிட்டு அழுகிறவளைக் கோர்ட்டுக்கு இழுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு பெண்கள் வந்து பூவம்மாவின் கையைப் பிரித்து விலக்கினார்கள். போர்டு ஆள் அஸ்மத் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினான். மரம் பூவம்மா வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்து நின்றதால் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டியிருந்தது. முதல் துண்டு இறங்கும்போதே அழகப்பன் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மரத்தை லாரியில் ஏற்றினார்கள். சாணக் குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகையோடு கூட்டமும் கலைந்தது.

பூவம்மா வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தங்கராஜு இந்த உத்தியோகத்தில் சேர்ந்த நாளைச் சபித்துக்கொண்டே பக்கத்தில் போனார்.

"மனச விட்ராதீங்கம்மா. ஆபீஸ்ல நல்ல சாதிக் கன்னு இருக்கு. அதே எடத்துல வைக்கச் சொல்லி ஒண்ணு அனுப்பி விடுறேன்."

"வேணாம்யா!" பூவம்மா விருட்டென்று எழுந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை என் மனசு தாங்காதுய்யா" என்றாள்.

உள்ளே போய் ஒரு குவளையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கலக்கிய கை வஞ்சனை இல்லாமல் பால்டின்னைக் கவிழ்த்திருந்தது. தங்கராஜு ரசித்துக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

பூவம்மா அழகப்பனின் சாத்திய ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு சைக்கிள் அருகே வந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பின்பக்கம் அவரோட டுரியான் மரம் ஒண்ணு, எம்புள்ளை தூங்குற எடத்துக்கு நேரா சாஞ்சிருக்கு. அதுல எந்த வண்டுய்யா விழும்?"