உளி தொடாத கை

"உளியைப் பிடிக்கிறதுக்கு இந்தக் கையை வெட்டிக் கொடுத்துடலாம் எமீமா," என்றார் அமரியா. "தூபம் காட்டின பரம்பரை நாம. சுண்ணாம்பு குழைக்கவா பொறந்தோம்?"

"மெதுவாப் பேசுங்க. கோயில் அதிகாரி செலேமியா தெருமுனையில நம்ம வீடு எதுன்னு விசாரிச்சாராம்," என்றாள் மனைவி.

எருசலேம் ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார் ராஜா. ஆலயத்துக்குள் சாதாரணக் கொத்தன் கால் வைத்தால் தீட்டு. அதனால் பலியும் தூபமும் செலுத்தும் ஆசாரியர்கள் கையிலேயே உளியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து உடம்பு சரியில்லை என்று வாசலைத் தாண்டாதவர் அமரியா.

"ரோமாக்காரன் கைதட்ட அரங்கம் கட்டினாரு. தான் படுக்க மலைமேல மாளிகை கட்டினாரு. இப்போ புண்ணியம் சேர்க்க நம்ம முதுகு வேணுமாம்."

"கடைசிக்கட்ட வேலைதான்னு கிணத்தடியில பேசிக்கறாங்க."

"கடைசின்னாதான் கிழவனைக்கூடத் தேடிப் பிடிப்பாங்க."

கதவு தட்டப்பட்டது. அமரியா கட்டிலில் சாய்ந்து, வலது காலில் அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டார்.

செலேமியா இரண்டு ஆசாரியர்களோடு உள்ளே வந்தார். "கால்ல என்ன பெரியவரே?"

"சுளுக்கு."

"மாசப் பிறப்புக்குள்ள சரியாயிடுமா?"

விடமாட்டான் போலிருக்கிறதே என்று நினைத்தார் அமரியா. "எங்கே ஆகுது? எலும்பே கோணல்."

"அரண்மனை வைத்தியரை அனுப்பட்டுமா? நடக்க முடியலைன்னா தூக்கிட்டுப் போகவும் ஆள் இருக்கு."

அமரியா காலை இழுத்துக்கொண்டார். "எந்த வைத்தியனாலும் ஆகாதுப்பா. இது பிறவி ஊனம். வயசாக ஆக முத்திப்போச்சு."

எமீமாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடடா," என்றார் செலேமியா. "கட்டட வேலை முந்தாநாளே முடிஞ்சுது. புது ஆலயத்துல முதல் பலியை மூத்த பரம்பரை கையால கொடுக்கணும்னு உங்களைக் கூப்பிட வந்தோம். ஊனம் உள்ளவர் பலிபீடத்தை நெருங்கக் கூடாதே. வேற ஆளைப் பார்த்துக்கறோம். நீங்க நாளையிலேருந்து விறகுக் கொட்டடிக்கு வந்துடுங்க. அங்கே பலிபீடத்துக்கு ஆகாத புழு அரிச்ச கட்டையைப் பொறுக்கிக் கழிக்கணும். கவலைப்படாதீங்க பெரியவரே, உட்கார்ந்தே செய்யற வேலைதான்."