நடுச்சுவர்

"மேடம், அந்தச் செவுத்துல மட்டும் கைய வெச்சுடாதீங்க! என் கொழுந்தன் அருவாளத் தூக்கிட்டு வந்துடுவாரு!"

ஆதிலட்சுமி கூவிய வேகத்தில், டேப்பை நீட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் ஹேமலதா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சமையலறையைப் புதுப்பிக்க எஸ்டிமேட் போட வந்த இடத்தில் அரிவாள் வரை பேச்சு போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அவன் கெடக்கறான். நீங்க அளங்க மேடம்" என்றார் ஆதிலட்சுமியின் கணவர் கண்ணையன். அந்தச் சுவரைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நெல்லித்தோப்பில் அவருடைய அப்பா கட்டிய வீடு அது. அண்ணன் கண்ணையனும் தம்பி செம்மலும் நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்தபோது, பழைய சமையலறை சரிபாதியாக வெட்டுப்பட்டது. போர் மோட்டார் யார் பக்கம் என்பதில் வாய் தடித்து, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தெருவில் எதிரெதிரே வந்தால் அண்ணன் தன் செருப்பைப் பார்ப்பார், தம்பி கரண்ட் கம்பியைப் பார்ப்பான்.

"சார், இது பொதுச் செவுரு. இதுல குடைஞ்சு சமையல் மேடைய எறக்கணும்னா தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள் ஹேமலதா.

"அவன் வாசப்படிய நான் மிதிக்கணுமா?" கண்ணையன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வேணவே வேணாம். இத ஒட்டினாப்புல நம்ம பக்கம் தனியா ஒரு செவுரு எழுப்பிடுங்க, தளம் வரைக்கும். மேல பூரா டைல்ஸ். அவன் இருமறது கூட என் காதுல வுழக் கூடாது."

"செலவு ஏறுமே சார். எட்டு லட்சத்துக்கு மேல ஒரு ரூபாகூட கூடாதுன்னீங்க."

"ஏறட்டும்!"

ஆதிலட்சுமி திகைத்துப்போனாள். கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து அவள் கேட்டறியாத வார்த்தை அது. ஜன்னல் இருக்கும்போது சிம்னி எதற்கு என்றவர், இரண்டு குழாயை ஒன்றாக்கியவர், கிரானைட்டில் ஓரம் உடைந்தது மலிவாகக் கிடைக்குமா என்று சற்று முன்புதான் விசாரித்தவர். அப்பேர்ப்பட்டவர் தம்பியின் இருமலுக்காகப் பணத்தை வாரி இறைக்கத் துணிந்துவிட்டார்.

ஆனால் அவளுக்கு அதில் துளியும் சந்தோஷம் இல்லை.

"அதெல்லாம் வேணாங்க. பழைய செவுரு கல்லு மாதிரி இருக்குது. அந்தக் காசுல ஹால வேணா பாத்துக்கலாம்."

கண்ணையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கரி ஏறிய சுவரையும் கைக்கு எட்டாத பரணையும் திட்டாமல் இவள் ஒரு நாள்கூடக் காபி போட்டதில்லை. புதுச் சமையலறை கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள், கிடைக்கிற நேரத்தில் வேண்டாம் என்கிறாளே! கடன் வாங்கப்போகும் புருஷன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, மனம் குளிர்ந்துபோனார்.

"சரி, நீங்க ஆபீசுக்குக் கெளம்பலையா? லாஸ்பேட்டைக்குப் போவணுமே, மணியாவுது" என்றாள் அவள்.

"லீவுன்னு எத்தனை தரம்டி சொல்றது?"

அவள் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. கண்ணையன் அதைக் கவனிக்கவில்லை. அவர் இன்ஜினியருக்குத் தம்பியின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"அவன் பொண்டாட்டி கோரிமேட்டு ஆஸ்பத்திரில நர்சு, மேடம். விடியறதுக்குள்ள டூட்டிக்குப் பூடுவா. தொர ஒண்டியா உக்காந்து நீட்டு ரொட்டியத் தண்ணில நனைச்சுத் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அந்தத் திமிருக்கு அதுவே சாஸ்தி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. ஆதிலட்சுமி அடுப்பைத் தணித்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுச் செவுரு வெக்கணும்னா பழசோட நெலமையப் பாக்கணும் சார். இந்தக் காலண்டரக் கொஞ்சம் கழட்டிக்கறேன்" என்று ஹேமலதா நடுச்சுவரில் தொங்கிய, முருகன் படம் போட்ட காலண்டர் பக்கம் போனாள்.

ஆதிலட்சுமி பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள். "ஐயையோ, சாமி காலண்டர் மேடம்! ராவுகாலத்துல எடுக்கக் கூடாது!"

"பொதங்கெழம காலைல ஏதுடி ராவுகாலம்?" கண்ணையன் அவளை மெல்ல விலக்கினார். "எனக்கு மிச்சம் புடிக்கறேன்னு நீ ரொம்பத்தான் பண்ற. தள்ளு, நானே எடுக்கறேன்."

அவர் கையை நீட்டினார். விரல் படுவதற்கு முன்பே காலண்டர் தானாக மேலே எழும்பியது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலில் காற்றும் இல்லை. முருகனின் காலடியிலிருந்து கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று வெளியே நீண்டது. தட்டுக்குப் பின்னால் மணிக்கட்டு வரை ஒரு கை வந்தது. கையைத் தொடர்ந்து, கண்ணையன் காதால் கேட்டு வருஷக்கணக்கான ஒரு குரலும் வந்தது.

"அண்ணி, அண்ணன் கெளம்பிட்டாரா? பசிக்குது!"