நாற்றம் போன நாள்

"மாப்ள, மூச்சை நல்லா இழுத்துப் பாரு. நாத்தம் வருதா?"

ஃபிட்டரின் மச்சினன் இழுத்துப் பார்த்தான். "துளிகூட இல்ல மாமா! காலையில குடலைப் புரட்டுச்சே? காத்தை வெளிய இழுக்கற ஃபேனை என்ன பண்ணீங்க?"

"பெல்ட்டை மாத்தினேன், அவ்வளவுதான்." ஃபிட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

நிலக்கரித் தூளைக் காரத்தில் வேகவைத்து, அமிலத்தில் அலசி, அதிலுள்ள கந்தகத்தைப் பிரிக்கும் ஆலை அது. பிரிந்த கந்தகம் சும்மா போகாது. வாயுவாகி, அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும். அதை அளக்கும் மீட்டர் பழுதாகிக் கிடந்ததால், அலசும் தொட்டி இருக்கும் அறைக்கு ஆட்களின் மூக்குதான் காவல்.

"இனிமே முகமூடிகூட வேணாம் மாமா."

"என்னமோ தினமும் போட்டுக் கிழிச்ச மாதிரி பேசாத. அது ஆணியிலதானே தொங்குது!"

ஃபிட்டரின் கவலை வேறு. அவருடைய செல்ல மகள் மடிக்கு வந்து மாதக்கணக்காகிறது. கூப்பிட்டாலே, "அப்பா ச்சீ" என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். எந்தச் சோப்புக்கும் அந்த நாற்றம் மசியவில்லை. பெற்ற பிள்ளை மூக்கைப் பொத்தினால் எந்த அப்பனுக்குத்தான் தாங்கும்?

அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை. "நீங்க கெளம்புங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று மச்சினன் சொன்னதுதான் தாமதம், குளிக்கக்கூட நிற்காமல் வீட்டுக்குப் பறந்தார்.

"அப்பாகிட்ட வாடி தங்கம்! இனிமே நாத்தமே கிடையாது."

ஆசையாக ஓடி வந்த மகள் பாதியில் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"என்னங்க இது, என்னைக்கும் இல்லாத நாத்தம்!" என்று மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள்.

"ஆளுக்கு ஆள் விளையாடறீங்களா? எனக்கு ஒண்ணும் வரலையே!"

சட்டையைக் கழற்றி முகர்ந்தார். ஒன்றுமில்லை. மனைவி நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தை அள்ளி முகர்ந்தார். அதிலும் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போனை எடுத்தார்.

"மாப்ள, எங்க இருக்க?"

"தொட்டி பக்கத்துலதான் மாமா. இப்பவும் சுத்தமா நாத்தமே இல்ல. தலைதான் லேசா சுத்துது."

"வெளிய ஓடு மாப்ள! நாத்தம் எங்கயும் போகல, அந்த வாயு நம்ம மூக்கைத்தான் கொன்னுருக்கு. அடுத்தது ஆளைத்தான்!"