சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர்

மெரிலின் ஸ்டூல் மேல் ஏறி நின்று, முன்னறைச் சுவரில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்மார்ட் மீட்டர். குளிர்காலம் தொடங்கியபோது மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பிள்ளைக்குத் தலைவலி.

பின்னால் சோபாவில் ஹேட்டி போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. காலையில் குடித்த பாலை அப்படியே வாந்தியெடுத்திருந்தாள்.

டாக்டர் முதலில் வைரஸ் என்றார். அடுத்த முறை போனபோது, ஓய்வு தேவைப்படுவது அம்மாவுக்குத்தான் என்றார். மெரிலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடம் போனால் மதியத்துக்குள் பிள்ளை தெளிந்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்தால் துவண்டுவிடுகிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இப்போதெல்லாம் மெரிலினுக்கே வீட்டில் தலை கிறுகிறுக்கிறது.

மீட்டரின் அலைதான் காரணம், கழற்றுங்கள் என்று மின்சாரக் கம்பெனியிடம் கெஞ்சினாள், அழுதாள். முடியாது என்றார்கள். இப்போது பள்ளி விடுமுறை வேறு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் வெளியே கால் வைக்க முடியாத குளிர்.

பக்கத்து வீட்டு ரஸ் ஜன்னலைத் தட்டினான். திறந்தாள். நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்து, மெரிலின். வீட்டையே கோழி மாதிரி ரோஸ்ட் பண்ணிடலாம்."

"உன் பிள்ளையா இருந்தா இப்படிச் சிரிப்பியா, ரஸ்?"

அவன் முகம் சுண்டிப்போய் நகர்ந்தான். அவள் ஜன்னலை இறுகச் சாத்தி, அதற்கும் தாள் ஒட்டினாள்.

கூரையை ஒட்டி ஒரே ஒரு இடம் பாக்கி. உள்ளங்கை அகலத்துக்குக் கம்பிவலை போட்ட துளை. வெளிக்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. சனியன் இந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தாளை நாலாக மடித்து வைத்து, ஓரமெல்லாம் டேப்பால் அழுத்தி ஒட்டினாள்.

இறங்கி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறை கதகதப்பானது. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. ஹேட்டியின் கன்னங்கள் நன்றாகச் சிவந்திருந்தன. பிள்ளைக்கு ரத்தம் ஊறுகிறது என்று நினைத்தபோது மெரிலினுக்கு அழுகை வந்தது. எத்தனை வாரத்துக்குப் பிறகு இப்படித் தூங்குகிறாள்.

அவளுக்கும் கண் சொருகியது. மூலையிலிருந்த பழைய கேஸ் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, மகளின் போர்வைக்குள் புகுந்து அவளைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

அந்த ஹீட்டரின் நச்சுக்காற்று அறையில் தேங்கிவிடக் கூடாது என்றுதான், வீடு கட்டியவர்கள் சுவரில் அந்தத் துளையை விட்டிருந்தார்கள்.