சிலிண்டரில் சொருகிய ஓஸ்

ஜான்சி அக்கா, டெல்வின் பேசுறேன், போன் தானா டைப் பண்ணுது. மரக்காணம் உப்பளத்தோரம் நாங்க வேல பாக்குற டூரிஸ்ட் கேரவன்ல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கிறேன். வெயில் சாயுது, பாத்தித் தண்ணியெல்லாம் செவப்பா கெடக்குது. யாருக்கும் காயம் இல்ல, ஆனா கேரவனோட பந்தல் துணி கருகித் தொங்குது, காத்தெல்லாம் அந்த நாத்தம்தான். வண்டியோட சைடு பைப்புல கேஸ் ஏற்கெனவே அழுத்தம் கொறஞ்சு அளவாத்தான் வரும், அதனால கிரில் அடுப்போட ரெகுலேட்டர கழட்டிட்டு அந்த பைப்புல மாட்டுவோம். நானும் அப்படித்தான் மாட்டினேன். தீ போதலன்னு உன் வீட்டுக்காரருதான் அடுப்போட கேஸ் ஓஸ பைப்புல இருந்து உருவி நேரா சிலிண்டர்ல சொருகினாரு. "மாமா, ரெகுலேட்டர் இல்ல, வேணாம்"னேன். "போடா, எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"ன்னு சிரிச்சாரு. அடுப்புத் தீ குப்புனு எழும்பி பந்தல்ல பத்திக்கிச்சு. இப்ப ஓனரு, "எவன்டா சிலிண்டர்ல மாட்டுனது?"ன்னு கத்துறாரு. மாமா ஓஸ கையில வெச்சிக்கிட்டே, "என் மச்சான்தான் சார், சொன்னா கேக்கமாட்டான். இன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுறேன்"ங்கிறாரு. நான் நிக்கிற பக்கம் திரும்பவே இல்ல. வெந்தும் வேகாத மீனு மேல ஈ மொய்க்குது, கெஸ்ட்டுங்க என்னையே பாக்குறாங்க. அக்கா, அவரு உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி இத படிச்சிடு. அப்பாவுக்கும் படிச்சிக் காட்டு.