கடைசிப் பந்தி

"கடைசியில படகு அழணும் மகள். அழாட்டிப் புள்ளி இல்ல" என்றேன்.

விடிந்தால் வலய மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டி. பஹ்மா கட்டுரைக்குப் போகிறாள். 'நான் ஒரு குடை பேசுகிறேன்' மாதிரி ஏதாவதுதான் வரும் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். பழகிப் பார்க்கப் படகை எடுத்துக்கொண்டோம்.

கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பியை என் தொடைமேல் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் மேசை இருக்கிறது. அவளுக்கு இந்த மேசைதான் பிடிக்கும்.

என் மனைவி பரீனா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான் இப்போது என் உழைப்பு. அதிலாவது அவளை ஜெயிக்க வைத்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுரைகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குடையோ கதிரையோ, எது பேசினாலும் ஒரே கதைதான். பிறந்தேன், உழைத்தேன், எல்லோரும் கொண்டாடினார்கள், இப்போது மூலையில் கிடக்கிறேன். நானும் ஒரு காலத்தில் கிழிந்த செருப்பாக அழுது முதலாமிடம் வாங்கியவன்தான்.

முதல் பந்திகள் மளமளவென்று வந்தன. படகு கண்டக்குழிக் கரைக்கு வந்தது, சோளகக் காற்றிலும் கடலுக்குப் போனது, கடலட்டை பிடிப்பவர்களை ஆழத்தில் இறக்கி ஏற்றியது.

கடைசிப் பந்தியில் பென்சில் நின்றுவிட்டது.

"விறகுக்குப் பிளக்கப் போறாங்க எண்டு எழுதுங்க."

"பைபர் படகு எரியுமா வாப்பா?"

சிரிப்பு வந்தது. பிள்ளை சொல்வது சரிதான். மரத் தோணி என்றால் விறகுக்காவது ஆகும்.

அதையே சொல்லிக்கொடுத்தேன். நான் விறகுக்கும் ஆகமாட்டேன். என்னால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. என்னை அசைக்கவே ஆள் வேண்டும். ஒரு பெரிய அலை வந்து என்னைக் கொண்டுபோய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

வசனங்கள் தானாக வந்து விழுந்தன. இவ்வளவு நன்றாக நான் எந்தக் கட்டுரையும் சொன்னதில்லை. வலயம் என்ன, மாகாணமே எங்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

பஹ்மா தலை நிமிராமல் எழுதினாள். அழுத்தி அழுத்தி எழுதினாள்.

"வாசிங்க பாப்பம்."

வாசிக்கவில்லை. கொப்பியை என் கையில் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சொன்னதில் ஒரு வசனம்கூட அதில் இல்லை.

'நான் கரையில் கிடக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பிள்ளை ஓடிவந்து என்னோடு சாய்ந்திருந்து பாடம் எழுதும். அலையே, நீ இந்தப் பக்கம் வராதே.'

இதற்குப் புள்ளி கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். கொப்பியைத் திரும்பத் தொடைமேல் வைக்கப் போனேன்.

அப்போதுதான் நான் உடுத்தியிருந்த சாரத்தைப் பார்த்தேன். கொப்பி இருந்த இடத்தைச் சுற்றி நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுதாளோ தெரியாது.

கடலட்டைக்கு ஆழத்தில் இறங்கி, அவசரப்பட்டு மேலே வந்த அந்த நாளிலிருந்து, இடுப்புக்குக் கீழே எனக்குச் சூடும் தெரிவதில்லை, ஈரமும் தெரிவதில்லை.