ஹாஃப் கிளச்

வண்டி பின்னால் உருண்டது.

நாலு விரற்கடைதான். ஆனால் சான் பிரான்சிஸ்கோ மேட்டில், பின்னால் ஒருவன் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அவன் பம்பரை நசுக்க அது போதும்.

“ஹாஃப் கிளச்,” என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த ரிகோபெர்த்தோ, முகத்தைத் திருப்பாமலே.

“தெரியும். வாயை மூடிக்கிட்டு வா, கிழவா.”

ஒஃபேலியா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளச்சை மெல்ல விட்டாள். பழைய சிவப்பு டிரக் ஒரு உதறு உதறிவிட்டு, முனகிக்கொண்டே மேலே ஏறியது. பின்னால் நின்றவனுக்கு ஹாரன் அடிக்கக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை.

பாராட்டி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அறுபத்தாறு வயதில் லைசென்ஸ். அதுவும் மூன்றாவது தடவையில். முதல் தடவை, மேட்டில் நிறுத்தச் சொன்னபோது சக்கரத்தைத் தப்பான பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டாம் தடவை வேறு மேடு, அதே தப்பு. நாற்பது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சோள மாவு ரோஸ்கியா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஊர் பார்த்தவளுக்குச் சக்கரம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

அவள் கணவர் ரிகோபெர்த்தோவின் கதை வேறு. நிகராகுவாவிலிருந்து வந்து, இந்த ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் அவளை இந்தக் குன்றின் உச்சிக்குக் கூட்டி வருவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினார். அதோடு சரி. டாக்ஸி வேண்டாம், பஸ் வேண்டாம் என்றார். “அடுத்தவன் ஓட்டுற வண்டியில நான் பயணியா? செத்தாலும் மாட்டேன்.” மகள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோனாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற பஸ்களின் பிரேக் சத்தத்தை வைத்தே ஒவ்வொரு டிரைவரையும் திட்டுவது அவருடைய முழுநேர வேலையாகிவிட்டது.

ஆணியில் தொங்கிய சாவியை ஒஃபேலியாதான் எடுத்தாள். அவரைக் கேட்கவில்லை.

இன்று அவர் ஏறி உட்கார்ந்ததே பெரிது. சிலுவைக்குறி போட்டுக்கொண்டுதான் ஏறினார்.

உச்சியில் பூங்காவை ஒட்டி ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. நல்ல செங்குத்து. அவள் நிறுத்தினாள், ஸ்டியரிங்கை ஒடித்தாள், வண்டியைக் கொஞ்சமாகப் பின்னால் விட்டாள். முன்சக்கரம் ‘டொக்’கென்று நடைபாதைக் கல்லில் சாய்ந்து நின்றது.

“எந்தப் பக்கம் திருப்பின?”

“ரோட்டுப் பக்கம்.”

“ம்.”

அவ்வளவுதான். பாவி மனுஷன், ‘நல்லா ஓட்டின’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்?

அவர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். இருவரும் மெதுவாக நடந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சுப் பக்கம் காற்றையும் காய்ந்த புல்லையும் தவிர எதுவும் இல்லை. ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது.

“பாலம் பாதி மூடுபனிக்குள்ள இருக்கு,” என்றாள். “கடல்ல மூணு கப்பல் நிக்குது.”

“மூணா?” அவர் ஆழமாக மூச்சை இழுத்தார். இரண்டு வருஷமாக வீட்டில் காணாமல் போயிருந்த சிரிப்பு, அந்த முகத்தில் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்தது தன் கை கால்கள்தான் என்று நினைத்தபோது ஒஃபேலியாவுக்குப் பெருமை பொங்கியது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் பெருமை அரைவயிறாகத்தான் இருந்தது.

காப்பி பிளாஸ்க்கை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது, நாயோடு உலாவ வந்த ஓர் ஆள் பெஞ்சுக்கு அருகில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“மிஷன் தெரு பஸ் ரிகோதானே? அந்த ஓட்டை டிரக்கைப் பாத்ததுமே நினைச்சேன். இந்த மேட்டுல இவ்வளவு கச்சிதமா நிறுத்த இந்த ஊர்ல உன்னை விட்டா யாருப்பா இருக்கா!”

ஒஃபேலியா பிளாஸ்க்கோடு தள்ளியே நின்றுவிட்டாள். கிழவன் இப்போது மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுவான் என்று நன்றாகத் தெரியும். முப்பத்துநாலு வருஷத்து டிரைவருக்கு அந்தப் பாராட்டு தேன் மாதிரி.

ரிகோபெர்த்தோ தொண்டையைச் செருமினார்.

“நானா? நான் வெறும் பயணிப்பா. டிரைவர் அதோ நிக்கிறா பாரு. அத்தனை மேட்டுக்கும் ஒரே தடவைதான் வண்டி உருண்டுது. எங்க டிப்போவுல பாதிப் பயலுக்கு இது வராது.”

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி, கம்பீரமாக நீட்டிக் காட்டினார்.

அந்த விரல் காட்டிய இடத்தில் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி இருந்தது.

நாய்க்காரர் குப்பைத்தொட்டியைப் பார்த்தார். பத்தடி தள்ளி நிற்கும் ஒஃபேலியாவைப் பார்த்தார். பிறகுதான் முதல்முறையாக ரிகோபெர்த்தோவின் கண்களைச் சரியாகப் பார்த்தார். நாய்க்காரரின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஒஃபேலியா அவரைப் பேச விடாமல் தலையை ஆட்டினாள். காலடிச் சத்தம் கேட்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, குப்பைத்தொட்டிக்கு முன்னால், அந்த விரலுக்கு நேராகப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.